சுண்ணாம்புச் சத்து

தெருவில் அத்தனை வீடுகள் இருக்க, அந்த நாய்க்குப் பிள்ளை பெற டைலரக்காவின் வீடுதான் கிடைத்தது. வீட்டில் அத்தனை மூலைகள் இருக்க, பல் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைக்க வைத்திருந்த துணிக்கட்டுதான் கிடைத்தது. சந்தன நிறத்தில், வழவழவென்று, தையல் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் மடித்து அடுக்கியிருந்த துணி. அதைக் கீழே இழுத்துப் போட்டு, முன்கால்களால் பிறாண்டிப் பரப்பி, நடுவில் வாகாகச் சுருண்டு படுத்து, காலையில் டைலரக்கா முன்னறைக்கு வந்தபோது அது ஐந்து குட்டிகளுக்குத் தாயாக இருந்தது.

"எந்திரிடி" என்றாள் டைலரக்கா.

நாய் வாலை ஒரு தடவை தட்டிவிட்டுக் குட்டியை நக்கப் போய்விட்டது. அவ்வளவுதான் மரியாதை.

அதற்குப் பெயர் சீமாட்டி. வைத்தவள் டைலரக்காதான், பாசத்தில் அல்ல, எரிச்சலில். தெருநாயாகப் பிறந்தும் அது வெறுந்தரையில் உட்காராது. ஒரு சாக்கோ மிதியடியோ வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் வெட்டுத்துணிக் குப்பையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்காரும். மழைக்கு ஒதுங்கிய நாயை, "பாவம், ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவுது" என்று உள்ளே விட்டவர் அவளுடைய வீட்டுக்காரர். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விடுவது அவர் வேலை. குத்துதே குடையுதே என்று துடிப்பது மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவள் பங்கு.

வீட்டுக்காரர் பெயிண்டர். ஊர் அவரை ரெண்டாங்கோட்டு என்றுதான் கூப்பிடும். சுவரில் விரிசலைக் காட்டு, கறையைக் காட்டு, கொத்தனார் விட்ட கோணலைக் காட்டு, "ரெண்டாங்கோட் அடிச்சா சரியாயிடும்" என்பார். வீட்டிலும் அதே வைத்தியம்தான். மகன் பரீட்சையில் தோற்றபோதும் அதையே சொன்னார், மிஷின் மோட்டார் புகைந்தபோதும் அதையே சொன்னார். மகன் ரெண்டாம் தடவை எழுதித் தேறிவிட்டான், இப்போது வேறு ஊரில் வேலை. மோட்டார் மட்டும் தேறவில்லை, புதுசு வாங்க வேண்டியிருந்தது.

பல் ஆஸ்பத்திரி வேலையும் அவரால் வந்ததுதான். அங்கே சுவருக்கு இளம்பச்சை அடித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா திரை தைக்க ஆள் தேடியதும், "என் வீட்டம்மா இருக்கா, மேடம்" என்று துணிக்கட்டை மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். வெளியாள் துணியைத் தரையில் வைக்காதே என்று டைலரக்காவுக்குத் தொழில் சொல்லித் தந்தவள் சொல்லியிருந்தாள். அதனால்தான் ஸ்டூலின்மேல் வைத்தாள். அதைக் கீழே இழுக்க நாய்க்கு ஏணியா வேண்டும்?

சரி, துணியின் நல்ல பாதியையாவது காப்பாற்றலாம் என்று ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். நாயின் பின்பக்கம் நகர்ந்தது. சந்தனத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாக ஒரு கறை.

டைலரக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்னங்க. எந்திரிச்சு வாங்க. பெயிண்டு டப்பாவ மூடி வெய்யுங்கன்னு எத்தன தடவ சொல்றது."

ரெண்டாங்கோட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். கறையைப் பார்த்தார். வாசலில் இருந்த டப்பாவைப் போய்ப் பார்த்தார். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"டப்பா மூடித்தான் இருக்கு. ஆனா நேத்து பிரஷ் கழுவுன தண்ணி வாளியில இருந்துச்சு. குடிச்சிருச்சு. உள்ள போயி பச்சையா வெளிய வருது."

அவள் கோபம் அப்படியே நின்றுபோனது. துணி போனால் போகிறது, பெற்ற அன்றைக்கே இது செத்துவைத்தால் ஐந்து குட்டியை யார் பார்ப்பது? யார் பார்ப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவர் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பெயிண்டின் நிறம், கம்பெனி, எவ்வளவு தண்ணீர் கலந்தது எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க பெயிண்டரா?"

"ஆமா சார்."

"அதான். பெயிண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. பெத்த நாய்க்கு மொத ஒண்ணு ரெண்டு நாள் அப்படித்தான் பச்சையாப் போகும். பச்ச ஒடம்புக்காரின்னு சும்மாவா சொன்னாங்க?"

டாக்டர் சிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள். ரெண்டாங்கோட்டு சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டார். இந்தச் சிரிப்புதான் பின்னால் எல்லா வினைக்கும் காரணம் என்று டைலரக்கா இன்றைக்கும் சொல்வாள். மனுஷனை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டால் மறுதடவை அவன் கேள்வி கேட்க மாட்டான்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னவை நாலைந்து விஷயங்கள். தினமும் படுக்கைத் துணியை மாற்ற வேண்டும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாக, பலமுறை பிரித்துப் பிரித்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும். காம்பு எதுவும் கல்லாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டவர் அவர். செய்தவள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சீமாட்டியோ பெயருக்கேற்ற மாதிரி நடந்துகொண்டது. சாப்பாட்டுத் தட்டு படுக்கைக்கு வர வேண்டும். தட்டை ஒரு முழம் தள்ளி வைத்தாலும் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். வெளிக்குப் போகக்கூடக் குட்டிகளை விட்டு எழாது. டைலரக்கா ஸ்டூலைப் போட்டுக் குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்த பிறகு ஓடிப்போய், வாசலோரம் முடித்துக்கொண்டு, ஓடிவந்து, ஒவ்வொரு குட்டியாக மோந்து பார்க்கும். எதையாவது திருடிவிட்டாளா என்று பார்க்கிற மாதிரி.

"உங்க பிள்ளைங்கள நான் என்ன பண்ணப் போறேன், சட்டைக்குப் பித்தான் வெச்சுத் தைக்கப் போறேனா?" என்பாள்.

ரெண்டாங்கோட்டு கிட்டே வந்தால் மட்டும் அது உறுமியது. "உன்னத்தான் நம்புது" என்றார் அவர், பெருந்தன்மையாக.

"அந்த நம்பிக்கைய வெச்சு நாக்கு வழிக்கவா?"

மாடி வீட்டம்மாவுக்கும் கருத்து இருந்தது. பிள்ளை பெற்ற நாய் கடிக்கும், வெளியே விட்டுவிடு என்று ஒருநாள் சொன்னாள். குட்டிகள் அழுகிற சத்தம் கேட்கிறது, நீ சரியாகவே கவனிக்கவில்லை என்று மறுநாள் சொன்னாள். டைலரக்கா ரெண்டு நாளும் தலையாட்டினாள். மிஷினில் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. துவைத்துக் காயப்போட்ட நாய்த்துணி கொடி நிறையத் தொங்கியது. திரைத்துணியில் கறைபட்டதை வெட்டி எறிந்து, மிச்சத்தில் ஜன்னல்களைத் தேற்றிக் கணக்குப் போட்டாள். டாக்டரம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

"நான் சொல்லிட்டேன்" என்றார் ரெண்டாங்கோட்டு.

"என்னன்னு?"

"செவுரு ஈரம் இழுக்குது, இன்னொரு கோட்டு வேணும், அது காயற வரைக்கும் திரை மாட்டக்கூடாதுன்னு."

அது பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்காக அவர் உண்மையாகவே மூன்றாவது கோட்டு அடித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

குட்டிகளுக்குக் கண் திறந்தது. ஐந்தும் கொழுகொழுவென்று உருண்டன. தாய்க்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. எவ்வளவு போட்டாலும் தட்டு காலி, உடம்பில் மட்டும் ஒட்டவில்லை. தின்றதெல்லாம் பாலாகி அந்த ஐந்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் சீமாட்டி குட்டிகளை விட்டு எழுந்துபோனது. கூப்பிடாமல், காவல் கேட்காமல், தானாக. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கியது. குட்டிகள் கத்தின. திரும்பியே பார்க்கவில்லை.

கடைசி ஜன்னலின் திரைக்கு மேல்மடிப்பு அடித்துக்கொண்டிருந்த டைலரக்காவுக்கு எரிந்துகொண்டு வந்தது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது இதைப் பார்த்துத்தான் சொன்னார்களோ. மிஷினை நிறுத்தி, எழுந்துபோய், கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். மறுபடியும் எழுந்து போனது. மறுபடியும் கொண்டுவந்தாள். மூன்றாவது தடவை அது எழுந்தபோது நடையே ஒரு மாதிரி இருந்தது. முட்டி மடங்காமல், கட்டைக் காலை ஊன்றுகிற மாதிரி.

"நடிக்காதடி" என்றாள் டைலரக்கா. "ஒலகத்துல நீ ஒருத்திதான் பெத்திருக்கியா?"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. அது அவளுடைய வாக்கியம் இல்லை. அவளுடைய நாத்தனார் சொன்னது.

மகன் பிறந்து சில வாரம் ஆகியிருந்த சமயம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கமாக இழுத்துக்கொண்டன. விரிக்க முடியவில்லை. உதடு மரத்துப்போனது. உடம்பு உதறியது. பிள்ளையைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில், "அண்ணி, பிள்ளைய வாங்கிக்கங்க" என்று கத்தினாள். நாத்தனார் கதவோரம் நின்று, நடிக்காதே என்றாள், உலகத்தில் நீ ஒருத்திதான் பெற்றிருக்கிறாயா என்றாள். அப்புறம் தடுப்பூசி போட வந்த நர்ஸ் கையைப் பார்த்துப் பதறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது.

டைலரக்கா தரையில் உட்கார்ந்து சீமாட்டியின் முன்காலைப் பிடித்தாள். விறைத்திருந்தது. தோலுக்கு அடியில் சதை தானாகத் துள்ளியது. காது நெருப்பாகக் கொதித்தது. நாய் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் சீமாட்டித்தனம் எதுவும் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னங்க, டாக்டருக்குப் போன் போடுங்க. கால் இழுக்குதுன்னு சொல்லுங்க. ஒடம்பு நடுங்குதுன்னு சொல்லுங்க."

ரெண்டாங்கோட்டு அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. "சரிங்க சார், சரிங்க சார், வெச்சிடறேன்" என்பது மட்டும் கேட்டது. வாய் முழுக்கக் கேள்வி இருந்தும் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை.

அவள் குட்டிகளை அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்து மூடினாள். ஈரத்துணியால் நாயின் காதைத் துடைத்தாள். ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். பின்கட்டில், காம்பவுண்டு சுவருக்கு அடிக்க ஊறப்போட்டிருந்த சுண்ணாம்பு டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நாயின் பால் கிண்ணம். டிரம்மிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பாலில் விட்டு, கட்டி தட்டாமல் பக்குவமாகக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"டாக்டர்தான் சொன்னாரு. சுண்ணாம்பு கம்மியாயிடுச்சாம். நம்மகிட்டதான் டிரம் நெறைய இருக்கே, எதுக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம்?"

"சுண்ணாம்புன்னு சொன்னாரா, சுண்ணாம்புச் சத்துன்னு சொன்னாரா?"

அவர் யோசித்தார். "சத்துன்னுதான் சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுதான?"

"இரும்புச் சத்து இல்லன்னு சொன்னா ஆணியக் குடுப்பீங்களா?"

ரெண்டாங்கோட்டு கிண்ணத்தைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். சுண்ணாம்பு பட்டுப் பட்டு வெந்து, காய்த்து, வெடித்துப்போன கை. அது நாக்கில் பட்டால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கிண்ணத்தை அவளே பிடுங்கிக் கவிழ்த்தாள். பால் சாக்கடையில் போனது.

"வேற என்ன சொன்னாரு?"

"ஒடனே தூக்கிட்டு வரச் சொன்னாரு. ஊசி போடணுமாம்."

"அத மொதல்ல சொல்லக்கூடாதா?"

"எந்தச் சுண்ணாம்புன்னு திருப்பிக் கேட்டா இன்னொரு தடவ சிரிப்பாருன்னு..." என்று முனகினார்.

அவள் தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை. கைக்கு அகப்பட்ட துணியில் நாயைச் சுற்றித் தூக்கினாள். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பாதித் தெரு தாண்டிய பிறகுதான் பார்த்தாள், அது கொஞ்சம் முன்னால் மேல்மடிப்பு அடித்துக்கொண்டிருந்த கடைசி ஜன்னல் திரை. மடியில் நாய் கட்டையாகக் கிடந்து உதறியது. "வேகமாப் போங்க" என்றாள். "மெதுவாப் போங்க, குலுங்குது" என்றாள். அவர் ரெண்டையும் செய்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாயை மேஜையில் போட்டதும் முன்காலில் மயிரை வழித்து, நரம்பில் ஊசியை ஏற்றி, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டார். முதலில் காது துடிப்பது நின்றது. அப்புறம் தோள். அப்புறம் கால் முட்டி மடங்கியது. சீமாட்டி ஒரு நீளமான பெருமூச்சு விட்டு, தான் படுத்திருப்பது வெறும் தகரமேஜை என்று கண்டுபிடித்து, பக்கத்தில் கிடந்த திரைச்சீலையை மூக்கால் இழுக்கப் பார்த்தது.

"பொழச்சுக்கிச்சு" என்றார் டாக்டர். "வேற ஏதாவது வாயில ஊத்துனீங்களா?"

டைலரக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மேற்கூரையின் சுண்ணாம்புப் பொருக்கை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணும் குடுக்கல சார்" என்றாள்.

"நல்லது. இன்னும் கொஞ்சம் தாமசமாயிருந்தா கையவிட்டுப் போயிருக்கும். நெறைய பேரு வெயில்ல எளைக்குதுன்னு விட்டுருவாங்க. நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கை இழுத்தவளுக்குத் தெரியாதா சார்."

டாக்டர் மாத்திரை எழுதினார். ஒருநாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் விடக்கூடாது, புட்டியில் பால் கொடுக்க வேண்டும் என்றார். டைலரக்காவுக்குக் கேட்கும்போதே இடுப்பு வலித்தது.

வீட்டில் ரெண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு குட்டியை மடியில் வைத்துப் புட்டியைப் பிடித்தார்கள். ஐந்தாவதற்குக் கொடுத்து முடிக்கும்போது முதலாவது மறுபடியும் கத்தியது. அவருடைய மடியிலிருந்த குட்டி குடித்ததையெல்லாம் அவர் வேட்டியிலேயே திருப்பிக் கொடுத்தது. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"ஒனக்கு எப்ப கை இழுத்துச்சு?" என்றார்.

"உங்க புள்ள பொறந்தப்ப."

"நான் எங்க இருந்தேன்?"

"வெளியூர்ல. ஏதோ மில்லுக்கு ரெண்டாங்கோட் அடிச்சிட்டிருந்தீங்க."

அவர் குட்டியின் வாயைத் துடைத்தார். "அப்ப உன்ன யாரு பாத்தா?"

"வீட்டுல யாரும் பாக்கல" என்றாள் டைலரக்கா, புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி. "அதான் இவளப் பாத்ததும் தெரிஞ்சுது."

அவர் அடுத்த குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அது ஒன்றே பெரிய விஷயம்.

மறுநாள் அவள் திரையைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். சீமாட்டி தன் துணிமேல் படுத்து, மூடிய பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தது. ரெண்டாங்கோட்டு வேலைக்குப் போகாமல் சமையலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு பாத்திரம் விழுந்தது. அவள் எழவில்லை. எழுந்தால் திட்ட வேண்டியிருக்கும், திட்டத் தெம்பில்லை.

ஒரு டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சூடான பால். மிஷின் பலகையில் வைத்தார். "குடி" என்றார்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. எடுத்து மோந்து பார்த்தாள்.

"என்ன கலந்தீங்க?"

"சக்கரைதான்."

"எந்த டப்பாவுல இருந்து?"

"அட, சமையக்கட்டு டப்பாதாம்மா. சத்தியமா."

ஒரு வாய் குடித்தாள். தித்திப்பு உச்சந்தலைக்கு ஏறியது. பாகு கெட்டது போங்கள்.

"எத்தன தடவ போட்டீங்க?"

"ஒரு தடவ போட்டேன்." அவர் தலையைச் சொறிந்தார். "பத்துமோ பத்தாதோன்னு, இன்னொரு கோட்டு..."

மனுஷனுக்கு மண்டையில் என்னதான் இருக்கிறது, வீட்டுச் சக்கரையெல்லாம் இப்படி ஒரே டம்ளரில் கொட்டினால் மாசக்கடைசி வரைக்கும் என்ன செய்வது என்று அவள் ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே, நடுநடுவே ஊதிக்கொண்டே, அடியில் கரையாமல் கிடந்ததையும் விரலால் வழித்து, முழுவதையும் குடித்தாள்.